எர்த்து சாமிக்கு ஒரு குடம் தண்ணீர்

என் மகள் வாசிப்பது பேஸ் கிட்டார். பக்கத்து வீட்டில் யாரோ உரலில் இடிப்பதுபோல 'தும், தும்' என்று மட்டும் பேசும் வாத்தியம். அதற்கென்று, கப்பல்களில் கழித்துப்போட்ட சாமான் விற்கும் கடையிலிருந்து ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்தாள்.

அதன் வம்ச வரலாறு அவளுக்கு மனப்பாடம். முதல் தலைமுறையில் ஸ்பீக்கரும் வால்வு என்கிற கண்ணாடிக் குழாயும் ஒரே பெட்டிக்குள் கூட்டுக்குடித்தனம். ஸ்பீக்கர் அதிர்ந்து அதிர்ந்தே வால்வு செத்துப்போகும். இரண்டாவதில் தனிக்குடித்தனம், வால்வுப் பெட்டி மேலே, ஸ்பீக்கர் கீழே. மூன்றாவதில்தான் பிளக்குக்கு மூன்றாவது கால் முளைத்தது, எர்த்துக்காக. எங்களுக்கு வாய்த்தது இரண்டாவது.

"மூணாவதையே வாங்கியிருக்கலாம்லா?"

"அதுல சத்தம் வறட்டு சத்தம்மா."

பெட்டியின் பின்னால் 'கிரவுண்ட்' என்று ஒரு சுவிட்ச் இருந்தது. இயற்பியல் படித்த நான் அதை எர்த் என்றே நம்பினேன். அதன் வேலை வேறு. இரைச்சலைக் குறைக்க, கரண்டு வரும் இரண்டு கம்பிகளில் ஏதாவது ஒன்றோடு இரும்புப் பெட்டியை ஒரு கெப்பாசிட்டர் வழியாகக் கோத்துவிடும். கெப்பாசிட்டர் கெட்டால் கிட்டார் கம்பி வரைக்கும் கரண்டு வரும். அதை வடிவமைத்தவன் வீட்டுக்குள்ளும் பூட்ஸ் போட்டுத் திரிகிறவனாக இருக்க வேண்டும். நாங்கள் செருப்பை வாசலில் விடுகிறவர்கள், வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறவர்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கம்பியைத் தொட்டவள் விக்கல் போல ஒரு சத்தம் எழுப்பி சோபாவில் போய் விழுந்தாள். நான் மெயினை அணைத்துவிட்டு ஓடி வந்தபோது விரல்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போதும் பிரிட்ஜ் உறுமினால் திரும்பிப் பார்க்கிறேன்.

"வித்துத் தொலை" என்றேன்.

"வாங்குதவன் சாகட்டுமாம்மா?"

போனை எடுத்தேன். எலக்ட்ரீஷியன் வந்து கெப்பாசிட்டரைக் கழற்றி, மூன்று கால் பிளக் மாட்டினார். பிறகு கொல்லையில், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியைத் திறந்தார். கரியும் உப்பும் போட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டிய குழி அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது.

"அக்கா, தூத்துக்குடில இருந்துக்கிட்டு உப்புக்குப் பஞ்சமா?"

ஒரு மூட்டை உப்பு கொட்டினோம். தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. வீட்டுக்குள் எல்லோருக்கும் ரப்பர் செருப்பு.

போன வாரம் என் வீட்டுக்காரரின் அக்கா ஊரிலிருந்து வந்தவர், நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார்.

"ஏளா, உன் மக நடுவீட்டுல செருப்போட நிக்கா. நீ இங்கன குழிக்குத் தண்ணி ஊத்துத. இது என்ன சாமி?"

"எர்த்து சாமி, மதினி."

"நேத்திக்கடனா?"

"ஆமா. பிள்ளைக்காக."

மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே 'தும்' என்றது. அடுத்த 'தும்' கேட்கும்வரை குடத்தைச் சாய்த்தபடியே நின்றேன்.