ரொறொன்ரோவுக்கு எத்தனை நாள்

கண்டியில் ஒரு மலர்ச்சாலையில் பிரேதங்கள் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவது யாகப்பரின் தொழில். சாவுச் செய்தியோடு யாராவது வந்தால், எப்படிச் செத்தார், என்ன வயது என்றெல்லாம் அவர் கேட்பதில்லை. "பிள்ளைங்க எங்க இருக்காங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

பிள்ளை வந்து முகம் பார்க்காமல் பெட்டியை மூட இந்த ஊரில் எவரும் சம்மதிப்பதில்லை. குவைத் என்றால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஐந்து மணித்தியாலப் பறப்பு. லண்டன் என்றால் பதினொன்று. ரொறொன்ரோ பதினாலாயிரம் கிலோமீற்றர். நடுவில் விமானம் மாறி, கண்டிக்கு மலையேறி வந்துசேர ஒன்றரை நாள். ஆனால் ரொறொன்ரோ என்று சொன்னால் யாகப்பர் ஐந்து நாளைக்கு ஏற்றிவிடுவார். மிச்ச நாட்கள் லீவு கேட்கவும், யோசிக்கவும், டிக்கெட் விலை இறங்குமா என்று பார்க்கவும் போகும். இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "பிளேன் அவ்வளவு தூரம் வரணும்ல" என்று பழியைத் தூக்கி விமானத்தின் தலையில் போட்டுவிடுவார்.

மருந்தைக் கூட்டினால் உடம்பு தாங்கும். முகம்தான் கறுத்து இறுகி, வேறு யாரோ போலாகிவிடும். ஊரார் முகம்தானே, அவருக்கு அது பெரிதாக நோகவில்லை.

போன ஓகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை அவருடைய மனைவி பியட்றிஸ் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகன் பிறையனுக்கு ரொறொன்ரோவில் வேலை. "இப்பவே கிளம்புறேன்பா" என்று போனில் அழுதான். யாகப்பர் தாமே கையுறை மாட்டினார். கூட வேலை பார்க்கும் சுமன் மருந்தின் அளவைப் பார்த்துத் தயங்கினார்.

"இது ரெண்டு நாளைக்குத்தானே வரும், அண்ணே? கனடாவாச்சே."

"ஒன்றரை நாள்ல வந்துருவான். அவன் அம்மாவ அம்மாவாவே பாக்கட்டும்."

செவ்வாய் காலை பிறையன் மறுபடி அழைத்தான். லீவு இப்போதுதான் கிடைத்ததாம். "இங்க நேரத்துக்கு நாளைக்கு ராத்திரிதான்பா பிளேன், ஒங்களுக்குப் புதன் காலைல." யாகப்பர் விரல்விட்டு நாட்களை எண்ணினார். ஏற்றியது ஏற்றியதுதான், இனிக் கூட்ட வழியில்லை. "சரி, பாத்து வா" என்று மட்டும் சொன்னார்.

புதன் காலை பியட்றிஸின் முகம் மாறத் தொடங்கியது. மற்றவர் கண்ணில் படுமுன் அவருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியை மூடச் சொன்னார். அன்று பின்னேரம் மஹியாவ மயானத்தில் பாதர் ஜெபம் சொல்லி முடித்தபோது பிறையன் இன்னும் நடுவானில் இருந்தான்.

மறுநாள் வந்து சேர்ந்தவன், பயணப் பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்றான்.

"ஊர்ல எல்லாருக்கும் அஞ்சு நாள் வச்சிருந்து குடுத்தீங்களே அப்பா. நம்ம அம்மாவ வச்சிருக்க முடியலயா?"

யாகப்பர் பையை அவன் கையிலிருந்து வாங்கினார்.

"ஊர்ப் பிள்ளைங்க எப்ப வருவாங்கனு எனக்குத் தெரியும்பா. ஒனக்கு மட்டுந்தான் பிளேன் ஓடுற நேரத்த வச்சு ஏத்துனேன்."