பெயரில்லாமல் ஆடிய ஒரு பிற்பகல்

இத்ரிஸ் தன் அண்ணனின் கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துச் சவரம் செய்துகொண்டிருந்தான். ஒட்டிப்போன கன்னத்தில் கத்தி வெட்டாமலிருக்க அப்படித்தான் பிடிக்க வேண்டும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் பள்ளத்தாக்குக்கு நான் நர்ஸ். இத்ரிஸ் என்னோடு பள்ளியில் படித்தவன். அவனுடைய அண்ணன் ஹெய்டனுக்கு நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசி. பிழைக்க மாட்டார் என்று மூவருக்கும் தெரியும்.

"மெதுவாடா. உனக்குக் காலுதான் வாகு, கை இல்ல."

"பேசாம இருங்கண்ணே, மூக்கு போயிடும்."

"போகட்டும். பொட்டிக்குள்ள மோந்து பாக்க என்ன இருக்கு?" ஹெய்டன் மூச்சு வாங்கினார். "அடக்கம் முடிஞ்சதும் டீ நம்ம ரக்பி கிளப்புலதான். நீ உள்ள வந்து உக்காரணும். கமிட்டியில கேட்டிருக்கேன்."

இத்ரிஸ் கத்தியைத் துடைத்தான். "விட மாட்டாங்கண்ணே."

வேல்ஸில் ரக்பி ஆடுகிறவன் காசு தொடக்கூடாது. இங்கிலாந்தின் வடக்கே லீக் ரக்பி. அது சம்பளத்துக்கு ஆடுவது. அங்கே ஒரு முறை சோதனைக்கு ஆடினாலே இங்கே ஆயுளுக்கும் விலக்கு. ஆடக் கூடாது, கிளப் வாசலையும் மிதிக்கக் கூடாது. அதனால் வடக்கத்திக் கிளப்புகள் எங்கள் பையன்களைச் சோதிக்கும்போது ஆட்டக்காரர் வரிசையில் பெயர் போடுவதில்லை. 'வேறொருவர்' என்று அச்சடிப்பார்கள்.

இருபத்திரண்டு வயதில் இத்ரிஸ் அப்படிப் போனான். கூட்டிப்போன ஆள் ஒன்றுதான் சொன்னார்: "ஓடு, புடி, விழு. கோலுக்கு மட்டும் உதைக்காத." ஏனென்றால், உதைக்குமுன் குதிகாலால் தரையைத் தோண்டிவிட்டு, பந்தைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்ப்பது இத்ரிஸின் வழக்கம். அது வேல்ஸ் முழுக்கத் தெரியும். ஆட்டம் முடியும் நேரத்தில், உதைப்பவனுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. "யார் உதைக்கிறா?" என்று தலைவன் கேட்டபோது இவன் கை தானாகப் பந்துக்கு நீண்டது. ஓரக் கோட்டிலிருந்து உதைத்தான். பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்று. பத்திரிகைக்காரர் ஒருவர் குதிகாலையும் பார்வையையும் ரசித்து எழுதினார். அதைப் படித்த எங்கள் ஊருக்குப் பெயர் தேவைப்படவில்லை.

இங்கே ஆயுளுக்கும் விலக்கிவிட்டார்கள். வடக்கேயும் எடுக்கவில்லை. அந்த இடத்துக்கு முன்பே ஆள் பேசியாகிவிட்டதாம். சோதனை என்பது கண்துடைப்பு. இத்ரிஸ் சுரங்கத்துக்கே திரும்பினான். சனிக்கிழமைகளில் மலைச்சரிவில் நின்று, தான் ஆடிய அணியின் ஆட்டத்தைப் பார்ப்பான். தலை நரைத்த பிறகும் அங்கேதான் நின்றான்.

கிளப் செயலாளர் மோஸ்டின் கமிட்டியின் பதிலோடு வந்தார். உட்காரவில்லை. தொப்பியைச் சுருட்டிக்கொண்டு சமையலறையில் நின்றார்.

"என்னத் தப்பா நெனக்காத, இத்ரிஸ். உன்ன உள்ள விட்டது மேலிடத்துக்குத் தெரிஞ்சா கிளப்பையே தள்ளி வெச்சுடுவாங்க."

"நான் ஒரு பென்னி வாங்கல, மோஸ்டின்."

"தெரியும்."

"ஆட்டம் முடிஞ்சா உங்க பசங்க பூட்ஸுக்குள்ள நோட்டு இருக்குதே, அது என்ன எலியா கொண்டாந்து வெக்குது?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அத யாரும் பேப்பர்ல போடலயே!"

அடுத்த அறையிலிருந்து ஹெய்டன் இருமினார். "மோஸ்டின்! நான் போறதுக்குள்ள இன்னொரு தடவ கேளு."

மோஸ்டின் கேட்டார். பதில் மாறவில்லை. ஹெய்டன் என்னிடம் விசாரித்தபோது உள்ளதைச் சொன்னேன். சாகிறவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நோயாளியிடம் நான் பொய் சொல்வதில்லை.

அடக்கத்தன்று பெட்டியின் முன்பக்கத்தை இத்ரிஸ் சுமந்தான். பிறகு ஊர் முழுக்கக் கிளப்புக்கு நடந்தது. அவன் வெளிக்கதவோடு நின்றுவிட்டான். உள்ளே ரொட்டிக்குப் பன்றி இறைச்சி நறுக்கிக்கொண்டிருந்த நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். மழை பெய்தது.

"வீட்டுக்குப் போ இத்ரிஸ். உனக்கும் நெஞ்சு சரியில்ல."

"அண்ணன் வரச் சொன்னாரு நர்ஸ். இதுவரைக்கும்தான் வர முடிஞ்சுது."

மோஸ்டின் வந்து ஜன்னலைத் திறந்து ஒரு கிளாஸ் பீரை நீட்டினார். ஜன்னல் வரை வந்து வாங்கிக்கொண்ட இத்ரிஸ் அண்ணன் பெயரைச் சொல்லி ஒரு வாய் குடித்தான். மீதியில் மழை விழுந்தது. கிளாஸைக் கையில் பிடித்தபடியே வீடு போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் காலை நான் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கப் போகும் வழியில், கிளப் வாசலில் அவன் நின்றிருந்தான். கழுவித் துடைத்த கிளாஸ் கையில். உள்ளே, கிளப்பில் துப்புரவு வேலை பார்க்கும் ஒல்வென் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வா இத்ரிஸ். ஒருத்தரும் இல்ல. அண்ணன் நாற்காலியில ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போ. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"வேணாம் ஒல்வென். யாருக்கும் தெரியாம ஒரு தடவ ஆடிப் பாத்தாச்சு."

படிக்கு வெளியே நின்றபடியே கிளாஸை நீட்டினான். ஈரக் கையோடு அவள் வாங்கிக்கொண்டாள். அவன் சுரங்கத்துப் பஸ்ஸைப் பிடிக்க நடந்தான்.