இரண்டு கயிறுகள்

தளிச் சந்தையில் ஒரு மாட்டு வியாபாரி என் உழவுமாட்டு ஜோடிக்கு ஆசைப்பட்டான். விற்க மாட்டேன் என்றேன். அணாக்காசைச் சுண்டிப் பார்க்கலாம் என்றான். தலை விழுந்தால் அவனுடைய இரண்டு ஜோடி எனக்கு. பூ விழுந்தால் என் ஒரே ஜோடி அவனுக்கு. கணக்குப் போட்டேன். எனக்குத்தான் லாபம். ஒப்புக்கொண்டேன்.

பூ விழுந்தது.

கைமாறும் மாட்டோடு கயிற்றைத் தருவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவனே இரண்டு கயிறுகளையும் அவிழ்த்து என்னிடம் கொடுத்தான்.

"நான் தோத்திருந்தா அடுத்த சந்தைக்கும் வருவேன்பா. கொட்டாய்ல இன்னும் நாப்பது நிக்குது. நீ எந்தத் தைரியத்துல ஆடுன?" என்றான்.

வீட்டில் மனைவி கயிறுகளை வாங்கி ஆணியில் மாட்டினாள். அந்த வாரமே நல்ல மழை. ஊரே உழுதது.

இப்போதும் போட்டுப் பார்க்கிறேன். அந்தக் கணக்கில் தப்பே இல்லை. போட்டவனிடம்தான் இன்னொரு ஜோடி இல்லை.