கடலுக்குப் போய்வந்த சோறு

முன்பள்ளிப் பிள்ளை ஒன்று தொடர்ந்து சாப்பாட்டை மறுத்தால், ஆசிரியை அறிவித்த ஒரு கிழமைக்குள் உரிய உத்தியோகத்தர் வீட்டுக்கு நேரில் வந்து பார்க்க வேண்டும். சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது. அதைச் சிங்களத்திலிருந்து தமிழாக்கியவன் நான். ‘வேண்டும்’ என்பதை எவ்வளவு அழுத்தமாகப் போட்டேன் என்பதும் நினைவிருக்கிறது.

மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து இளைப்பாறியபின் மன்னார்த் தீவில் கடற்கரைக்குக் கிட்ட வந்து குடியிருந்தேன். அடுத்த வீட்டுச் சிறுமிக்கு நாலு வயது. அவளுடைய அப்பா தனியாக வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். பின்னேரம் சோறு கொண்டுபோவார். பாதியைத் தின்றுவிட்டு மீதியை விடிய மகளுக்குக் கொண்டுவருவார். இந்தக் கரையில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். கடலுக்குப் போய்வந்த சோற்றைத் தின்ற பிள்ளை எதற்கும் பயப்படாது என்பார்கள். காற்று மாறிய ஒருநாள் வள்ளம் மட்டும் விடத்தல்தீவுப் பக்கம் ஒதுங்கியது. வலை இருந்தது. ஆளும் இல்லை, சோற்றுப் பெட்டியும் இல்லை.

அதன்பிறகு பிள்ளை தேத்தண்ணி மட்டும் குடித்தாள். வாசற்படியில் தலை வைத்துப் படுத்தாள். கதவைச் சாத்தினால் எழும்பிவிடுவாள். முன்பள்ளி ஆசிரியை, கைநூலில் உள்ளபடி, சாப்பாட்டுக் கோப்பையில் புட்டால் முயல் செய்து வைத்தார். கதை சொல்லி ஊட்டப் பார்த்தார். முயல் காய்ந்துபோனது. உத்தியோகத்தரை வரக் கேட்கும் விண்ணப்பத்தை ஆசிரியைக்காக நான் நிரப்பி, உரிய வழியூடாக அனுப்பினேன். உரிய வழி நீளமானது. பிள்ளையின் வளையல் முழங்கைவரை ஏறத் தொடங்கியது.

“ஏன் குஞ்சு, சாப்பிடேல்லை?” என்று கேட்டேன்.

“இது கடலுக்குப் போகேல்லை.”

அன்று பின்னேரமே தாய் வேறொரு பெட்டியில் சோறு போட்டு, எதிர்வீட்டு மீனவரிடம் நீட்டினாள். “அண்ணை, இதைக் கடலுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டு வாங்கோ.”

“மீன் குழம்போ? பசிச்சா நான் திண்டிடுவன், பிறகு ஏசக்கூடாது” என்று சிரித்தபடி வாங்கினார்.

விடியத் திறந்தால் பாதிதான் இருந்தது.

“உண்மையாத் திண்டனீங்களோ, அண்ணை?”

“மாதா அறிய, மூடியிலயே கை வைக்கேல்லை.” இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

பிள்ளை மட்டும் வியக்கவில்லை. மிச்சத்தை வழித்துத் தின்றுவிட்டு, நடுவீட்டில் படுத்து உறங்கினாள்.

மீனவர் என்னிடம் வந்தார். “ஐயா, நான் இனிக் கொண்டுபோகமாட்டன்.”

“பிள்ளை சாப்பிடுதே.”

“அதுதான் பயமாக் கிடக்கு.”

ஆனாலும் கொண்டுபோனார். பெட்டியை வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் வைத்துவிட்டு, அதற்கு முதுகு காட்டி இருப்பாராம். ஒவ்வொரு விடியலும் பாதி. என் காலத்தில் எல்லாவற்றுக்கும் படிவம் இருந்தது; இதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. வளையல் மெல்ல மணிக்கட்டுக்கு இறங்கியது.

பிறகு ஒருநாள் பெட்டி நிறையச் சோற்றோடு திரும்பி வந்தது. தாய் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பெரியவர்கள் மூவரும் பிள்ளையின் முகத்தையே பார்த்தோம். அவள் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவுக்கு இனிப் பசிக்காதாம்” என்றாள். “கோப்பையில போட்டுத் தாங்கோ, அம்மா.”

தின்றாள். அன்று மத்தியானம் பதில் வந்தது: விண்ணப்பத்தில் தந்தையின் கையொப்பம் இல்லை, பெற்று மீள அனுப்பவும். கடிதத்துக்குத் திகதி போட மறந்திருந்தார்கள். கிடைத்த நாளை அலுவலக வழக்கப்படி மூலையில் நானே குறித்தேன், ஆனால் இந்தக் கரையின் கணக்கில்: மாதா திருவிழாக் கொடியேற்றம்.