பழைய கர்னலில் ஓடிய சோதனை

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் கத்தரி. வந்த தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குள் முடிவுசெய்கிற கர்னல் என்ற அடித்தள நிரலில், அவர் தலையாட்டாமல் ஒரு வரி நுழையாது. பதினேழு வருடமாக அடுத்தவர் எழுதியதை வெட்டியே பேர் வாங்கிய மனுஷன். வெட்டும்போது நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஏதாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

போன வாரம், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான பெண் ஒருத்தி ஒரு திருத்தம் அனுப்பியிருந்தாள். வழி தேடும் இடத்தில் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தும் ஒரு பூட்டை எடுத்துவிட்டால் வேகம் கால் பங்கு கூடும் என்றாள். இவர் ஓட்டிப் பார்த்தார். இம்மியும் கூடவில்லை. "வேகம் உங்க கடிதத்துல மட்டும்தான் இருக்கு" என்று எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவில் எழுதினார். மறுநாளே அவள் மன்னிப்புக் கேட்டுத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

இன்று காலை வேறு வேலையாகச் சோதனை மெஷினைத் திறந்தவர், அதில் ஓடும் கர்னலின் பதிப்பெண்ணைப் பார்த்தார். பழையது. அவளுடைய திருத்தத்தைச் சேர்த்து இவர் புதியதை நிறுவியது உண்மைதான். ஆனால் அணைத்துப் போட்டதும் மெஷின் பழையதிலேயே எழுந்திருக்கிறது. அளக்கும் முன் எது ஓடுகிறதென்று பார் என்பது முதல் நாள் பாடம். பழையதைப் பழையதோடு ஒப்பிட்டு ஒரு பெண்ணைப் பார்த்து ஊர் சிரிக்க வைத்துவிட்டார். காது மடல் சுட்டது.

புதியதில் எழுப்பி ஓட்டினார். வேகம் இருபத்தாறு சதவீதம் கூடியிருந்தது.

பேசாமல் இருந்தால் கேட்பாரில்லை. அப்படி ஒரு நிமிஷம் யோசித்ததே அவருக்குக் கேவலமாக இருந்தது. தப்பு தன்னுடையது என்று குழுவில் எழுதிவிட்டு, மாடி ஏறி அவள் மேசைக்குப் போனார்.

"உங்க திருத்தம் சரிம்மா. நான்தான் பழைய கர்னல்ல ஓட்டிட்டேன். திரும்ப அனுப்புங்க."

"பதினோரு தடவை ஓட்டிப் பார்த்தேன் சார். ஒவ்வொரு தடவையும் கால் பங்கு வந்துச்சு."

"அப்புறம் ஏன் வாபஸ் வாங்கினீங்க? என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே!"

"நீங்க தப்பா அளப்பீங்கன்னு தோணவே இல்ல சார். எனக்கு இந்த வேலை வராதுன்னுதான் நெனச்சேன். நிரல் எழுதாத பிரிவுக்கு மாத்தச் சொல்லி நேத்து எழுதிக் கொடுத்துட்டேன்."

அவர் நிற்பதைப் பார்த்து, "உட்காருங்க சார்" என்று அவள் தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.