இறக்கச் சொன்ன பூண்டு

பூண்டியில் மழை விடாமல் பெய்து எங்கள் வீட்டுப் பின்சுவர் சரிந்த வருஷம் அது. அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டியிருந்த விதைப்பூண்டு முக்கால்வாசி சேற்றோடு போய்விட்டது. மிஞ்சியது இரண்டு கட்டு. துடைத்துத் திரும்பவும் அடுப்புக்கு மேலேயே தொங்கவிட்டேன். புகை குடிக்காத பூண்டை எங்கள் ஊரில் விதைக்கு எடுக்க மாட்டோம். மலைச்சரிவில் படிபடியாக எனக்கு நாலு அடுக்கு நிலம். இரண்டு கட்டு ஓர் அடுக்குக்குத்தான் காணும்.

நிவாரணக்காரர்கள் ஜீப்பில் வந்து போர்வை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். ஆனால் பிரித்து உள்ளும் புறமும் பார்த்துவிட்டுத்தான் போர்த்தினேன். முன்பின் தெரியாதவர் சும்மா கொடுத்தால் எனக்குக் கை கூசும்.

மறுநாள் விதைப்பூண்டு மூட்டைகளோடு வந்தார்கள். எல்லாம் இழந்த வீடுகளுக்கு மட்டும் என்றார்கள். கேமராவோடு வந்த பெண் என் அடுப்படிக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தாள்.

“பாட்டிம்மா, அந்தப் பூண்டை மட்டும் கொஞ்சம் எறக்கி வச்சுருங்க. போட்டோல தெரியக் கூடாது.”

“ஏன், அது என்ன திருட்டுச் சொத்தா?”

“இல்லங்க. ஒண்ணுமே மிஞ்சலைன்னு தெரிஞ்சாத்தான் எங்களுக்கு மேல இருக்கவங்க தருவாங்க. அடுத்து பக்கத்தூரு கவுஞ்சிக்கும் குடுக்கணும். இந்தப் போட்டோவக் காட்டித்தான் கேக்கணும்.”

கெட்ட பெண்ணாகத் தெரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

அதற்குள் மருமகள் முக்காலியைப் போட்டு ஏறிவிட்டாள். “ஒரு நிமிசச் சோலி அத்தை. எறக்கிட்டு மறுபடி மாட்டிருவோம்.”

“எறங்குடி கீழ. இருக்கதை இல்லைன்னு சொல்லி வாங்குற வெதை எப்படி மொளைக்கும்?”

“ஆமா, மண்ணு உங்ககிட்ட கேட்டுக்கிட்டுத்தான் மொளைக்குதாக்கும்!”

நான் பூண்டுக் கட்டுக்கு நேர் கீழே போய் நின்றேன். “போட்டோ எடுக்குறதா இருந்தா இதோட சேத்து எடும்மா.”

அந்தப் பெண் கேமராவைத் தாழ்த்திவிட்டாள். எங்கள் மூட்டையும் பக்கத்து வீட்டுக்கே போனது. என் படம் இல்லாததால் கவுஞ்சியில் எவளாவது வெறுங்கையோடு நின்றாளோ என்று அவ்வப்போது நினைப்பு வரும். யாரிடமும் விசாரித்ததில்லை.

இருந்த விதையை ஓர் அடுக்கில் ஊன்றினோம். மற்ற மூன்றும் சும்மா கிடந்தன. மருமகள் பக்கத்து நிலத்தில் அந்த நிவாரணப் பூண்டை ஊன்றக் கூலிக்குப் போனாள். என்னோடு பேச்சில்லை. பத்து நாள் கழித்து நானே வாயைத் திறந்தேன்.

“அது மொளைச்சிருக்கா, ஆத்தா?”

“நம்மளதைவிட வெரசா.”

நான் நம்பவில்லை. விடிந்ததும் வரப்போடு போய், பக்கத்து நிலத்தில் குனிந்து ஒரு பல்லைத் தோண்டிப் பார்த்தேன். விரல்கணு நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று வேர் இறங்கியிருந்தது. முகர்ந்தும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இருந்த குழியிலேயே வைத்து மண்ணை அணைத்தேன். யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.