உலகநாதன் பார்த்த வானம்

கடப்பாக்கத்துக் குப்பத்தில் மீன் வியாபாரம் செய்த உலகநாதனுக்கு எல்லாமே முன்கூட்டித் தெரியும். நடந்து முடிந்த பிறகுதான் அதைச் சொல்வான். யாராவது ஒருத்தி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டால், கல்யாணப் பந்தலிலேயே தனக்குத் தோன்றியது என்பான். பந்தலில் அவன் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து பாயசம் கேட்டு வாங்கியதைத்தான் ஊர் பார்த்திருந்தது.

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், விடிந்ததும் விடியாததுமாகச் சிங்காரத்தின் வாசலில் வந்து நின்றான். இறாலுக்கு ஐஸ் இறக்கியாகிவிட்டது, இன்னும் மரம் தள்ளவில்லையா என்று அவசரப்படுத்தினான். சிங்காரம் தன் கட்டுமரத்தைத் தள்ளினால் குப்பமே பின்னால் தள்ளும். அன்றும் அப்படித்தான் போனார்கள். உச்சிவேளையில் காற்று சுழற்றி அடித்தது. எல்லோரும் கரை சேர்ந்தார்கள், பாதி வலைகள் சேரவில்லை. ஒருவனுக்குக் கால் முறிந்தது.

முதலில் மரம் தள்ளிய சிங்காரத்தைக் கேள்வி கேட்க மறுநாள் பஞ்சாயத்து கூடியது. காலையிலேயே வானம் செக்கச்செவேலென்று கிடந்ததாகவும், அப்போதே தனக்குத் தெரியும் என்றும் உலகநாதன் சொன்னான். பெரியவர் தணிகைவேல் தானும் பார்த்ததாகச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பொழுது விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்தவர்கள்கூடப் பார்த்திருந்தார்கள்.

சிங்காரத்தின் மனைவி ஜெகதாம்பாள் எழுந்து நின்றாள்.

"அண்ணாத்த, காத்து வரும்னு உனுக்குக் காலையிலியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினேதான் எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு அவரைத் தொரத்தினியா?"

உலகநாதன் தணிகைவேலைப் பார்த்தான். பொம்பளைக்குப் பஞ்சாயத்தில் என்ன பேச்சு என்று தணிகைவேல் அவளை உட்காரச் சொல்லிவிட்டார். இனி உலகநாதன் வானம் பார்த்துச் சொன்ன பிறகே மரம் தள்ளுவது என்று முடிவாயிற்று.

திரும்பி நடக்கும்போது சிங்காரம், "செவந்துதான் இருந்திச்சோ இன்னாவோ" என்றான். ஜெகதாம்பாள் அவனை விட்டுவிட்டு முன்னால் வேகமாக நடந்தாள்.

அடுத்த நாள் காலை ஆண்கள் துடுப்போடு நிற்க, உலகநாதன் அண்ணாந்து பார்த்தான். மேலே வானம் இருந்தது. அதற்குமேல் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்றான். மறுநாளும் வேண்டாம் என்றான். பக்கத்துக் குப்பத்து மரங்கள் மீனோடு திரும்பின. மானம் போகிறதே என்று அதற்கடுத்த நாள் போகச் சொன்னான். அன்று வெறும் வலையோடு வந்தார்கள்.

"இவன் சரிப்பட மாட்டான்னு எனுக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் தணிகைவேல். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

அதன்பின் எந்தப் பஞ்சாயத்தும் கூடவில்லை. சிங்காரத்திடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. காலையில் அவன் மரத்தைத் தள்ளினான். குப்பம் பின்னால் போயிற்று. ஏதாவது கெட்டது நடந்தால் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்பது மட்டும் இப்போது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.